பழைய நாற்காலியும் புதிய பின்னலும்

'பிரம்பு' என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் தந்தையார் காலத்து மாணவர்களுக்கு நினைவில் எழுந்தது ஒன்றே. அது தலைமையாசிரியரின் மேசைமீது கிடந்த பிரம்பு. அந்தப் பிரம்புக்கு இன்று பள்ளியில் இடமில்லை. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் மாணவரை அடித்தலை விலக்கிவிட்டது, அது நன்றே. ஆனால் அதே மேசைக்குப் பின்னால் மற்றொரு பிரம்பும் இருந்தது. அதனைக் கண்டு யாரும் அஞ்சியதில்லை. பெரும்பாலோர் கவனித்ததும் இல்லை. தலைமையாசிரியர் அமர்ந்திருந்த கை வைத்த நாற்காலியின் இருக்கையிலும் முதுகிலும் சிறுசிறு கண்களாகப் பின்னப்பட்டிருந்த பிரம்பையே குறிப்பிடுகின்றேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தப் பிரம்பைப் பற்றியும், அத்தகைய பழைய நாற்காலிகளைத் தேர்ந்து வாங்கும் முறையைப் பற்றியும் ஆகும்.

பழைய பிரம்பு நாற்காலியை விரும்பி வாங்குவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்களுட் சிலர், கடைக்குள் நுழைந்ததும் பின்னல் முழுமையாக இருக்கின்றதா என்பதையே முதலிற் பார்க்கின்றனர். பின்னல் கிழிந்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். பளபளப்பாக இருந்தால் கேட்ட விலையைக் கொடுக்கின்றனர். இது தலைகீழான முறையாகும். பிரம்பு நாற்காலி பார்வைக்கு ஒரே பொருளாகத் தோன்றினும், உண்மையில் அஃது ஈராயுள் உடைய பொருள். மரச்சட்டத்துக்கு ஓர் ஆயுள். பின்னலுக்கு ஓர் ஆயுள். சட்டம் தலைமுறைகளைக் கடந்து நிற்கும். பின்னல் சில பத்து ஆண்டுகளில் தேயும். கீற்று வேய்ந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். கூரை கிழிந்தது என்பதற்காக யாரும் வீட்டையே விட்டு வெளியேறுவதில்லை. கீற்றை மாற்றிச் சுவரைக் காப்பர். நாற்காலியிலும் முறை அதுவே. வாங்க வேண்டியது சட்டத்தை. பின்னலைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

முதலில் பிரம்பு இன்னதென்று அறிவோம். பிரம்பை மூங்கிலின் தம்பி என்று எண்ணுவோர் உளர். அஃது அவ்வாறன்று. தென்னையும் பனையும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தனவோ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, முள் நிறைந்த ஏறுகொடி பிரம்பு. மூங்கிலின் உள்ளே வெற்றிடம் உண்டு. பிரம்பின் உள்ளே இடைவெளி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும், அந்தமான் தீவுகளிலும், அசாமிலும், மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளிலும் அது மரங்களைப் பற்றிக்கொண்டு நெடுந்தொலைவு படர்ந்து வளர்கின்றது. அதன் மேல்தோல் வழவழப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். அந்தத் தோலை மெல்லிய நாராகச் சீவி எடுத்தே நாற்காலி பின்னுகின்றனர். தோல் நீங்கிய உட்பகுதி கூடை முதலியன முடையப் பயன்படும்.

இங்கே தமிழ் பயிலும் மாணவர்க்கு ஒரு செய்தி நினைவுக்கு வரலாம். வெளியே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். அந்த வகுப்பின்படி பனையும் தென்னையும் புல்லினத்தைச் சேரும். பிரம்பையும் அங்கேயே வைக்கலாம். தேக்கு, ஈட்டி முதலியவை உள்வயிரம் உடைய மரங்கள். பிரம்பு நாற்காலியைச் செய்த தச்சர் என்ன செய்தார்? தாங்கும் வேலையை உள்வயிரம் உடைய மரத்திடம் கொடுத்தார். வளைந்து ஏந்தும் வேலையை வெளிவயிரம் உடைய பிரம்பிடம் கொடுத்தார். இரண்டின் இயல்பையும் அறிந்து இரண்டையும் சேர்த்தது அவர் அறிவு.

பின்னும் முறையையும் சுருக்கமாகக் கூறுகின்றேன். வாங்கும்போது அது பயன்படும். இருக்கைச் சட்டத்தைச் சுற்றிலும் ஏறக்குறைய அரை அங்குல இடைவெளியில் சிறு துளைகள் இடப்பட்டிருக்கும். நாரைத் தண்ணீரில் ஊறவைத்து மென்மையாக்கிய பின்னரே பின்னத் தொடங்குவர். முதலில் பின்னிருந்து முன்னாக நேரிழைகள் செல்லும். அவற்றின்மேல் இடவலமாகக் குறுக்கிழைகள் செல்லும். மூன்றாவதாக மீண்டும் நேரிழை. நான்காவது குறுக்கிழை, முன்னிட்ட இழைகளுக்கு மேலும் கீழுமாகப் புகுந்து அவற்றைப் பூட்டிவிடும். ஐந்தாவதும் ஆறாவதும் மூலைவாட்டாக, ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும். இறுதியில் துளைகளை மறைத்து ஓர் ஓரநார் கட்டப்படும். இவ்வாறு ஆறு முறை இழை ஓடிய பிறகே நாம் காணும் எண்கோணக் கண்கள் உருவாகின்றன. ஈரநார் உலரும்போது இறுகும். பின்னல் மத்தளத்தின் தோல்போல விறைத்து நிற்கும். ஒருவர் அமரும்போது அவருடைய எடை ஓர் இழைமேல் விழுவதில்லை. அத்தனை இழைகளுக்கும் பகிர்ந்து செல்கின்றது. கண்களின் வழியே காற்றும் புகுந்து வெளிவருகின்றது. வெப்ப நாட்டுக்கு இதனினும் ஏற்ற இருக்கை காண்பது அரிது.

கீழ்நாட்டுப் பிரம்பு, வணிகக் குழுக்களின் கப்பல்கள் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் பெருமளவிற் சென்றது. 1660க்குப் பின்னர் இங்கிலாந்தில் பிரம்பு பின்னிய நாற்காலிகள் பரவலாயின. மெத்தை நாற்காலிக்குத் துணி நெய்தோரும் விற்றோரும் இதனால் தம் தொழில் கெடுகின்றது என்று அந்நூற்றாண்டின் இறுதியில் முறையிட்டனர். பிரம்பு நாற்காலி செய்வோர் அதற்கு மறுமொழி கூறினர். எங்கள் நாற்காலி நெடுநாள் உழைக்கும், எடை குறைந்தது, தூசியும் அந்துப்பூச்சியும் அதனை அண்டா என்பது அவர்கள் வாதம். 300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மூன்று காரணங்களும் அப்படியே நிற்கின்றன.

அதே நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையிலும் ஐரோப்பிய வணிகருக்காகக் கருங்காலி மரத்தில் செறிந்த செதுக்கு வேலையுடன் நாற்காலிகள் செய்யப்பட்டன. முறுக்கிய கால்களும் பிரம்பு இருக்கையும் உடையவை அவை. அவற்றுட் பல இங்கிலாந்து சென்றன. அடுத்த நூற்றாண்டில், கலைப்பொருள் திரட்டுவதில் புகழ்பெற்ற ஹொரேஸ் வால்போல் என்பார் அத்தகைய கருங்காலி நாற்காலிகளைக் கண்டார். அவை தம் நாட்டிலேயே டியூடர் மன்னர் காலத்தில் செய்யப்பட்டவை என்று உறுதியாக நம்பினார். விரும்பி வாங்கித் தம் 'ஸ்ட்ராபெரி ஹில்' மாளிகையில் வைத்தார். பிறரும் அவர் கருத்தைப் பின்பற்றினர். அவை சோழமண்டலக் கரையின் கைத்தொழில் என்பது பிற்கால ஆராய்ச்சியால் தெளிந்தது. வால்போல் கல்வியிற் சிறந்தவர், பொருளும் உடையவர். எனினும், கறுத்த நிறத்தையும் பழங்கதையையும் கொண்டு வயதையும் ஊரையும் முடிவு செய்தார். பழம்பொருள் வாங்குவோர்க்கு இதனினும் நல்ல பாடம் இல்லை. கதையைக் கேளுங்கள், ஆனால் மரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடைகளில் இன்று காணக்கூடிய மற்றொரு வகை வளைமர நாற்காலி. ஜெர்மனியில் போப்பார்டு என்னும் ஊரில் 1796இல் பிறந்த மைக்கேல் தோனெட் என்பவர், 1842இல் வியன்னா நகரிற் குடியேறி, நீராவியில் மரத்தைப் பதமாக்கி வளைக்கும் முறையைத் திருத்தமுறச் செய்தார். 1859இல் அவர் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலி உலகெங்கும் பரவியது. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள்; இவ்வளவே அந்த நாற்காலி. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகளுக்குரிய பகுதிகள் அடங்கும். அதன் இருக்கை பிரம்புப் பின்னல். கை வைத்த வகைகளும் அக்குடும்பத்தார் ஆலைகளில் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்றைக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1925ஆம் ஆண்டுப் பாரிசு பொருட்காட்சியில் தாம் அமைத்த கூடத்தில் வைத்தார். தோனெட்டின் தனியுரிமை 1869இல் முடிவுற்றதும் வேறு பல ஆலைகளும் அதே வடிவத்தைச் செய்யலாயின. ஆதலால் வளைமர நாற்காலி எல்லாம் தோனெட் ஆகாது. இருக்கை வளையத்தின் உட்பக்கத்தில் ஆலையின் முத்திரையோ ஒட்டிய சீட்டோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். அம்மரம் பெரும்பாலும் ஐரோப்பிய பீச் மரம், தேக்கன்று. நம் நாட்டில் பூச்சிக்கு எளிதில் இரையாகும் என்பதையும் நினைவிற் கொள்க.

நம் நாட்டில் தமிழர் பழைய நாற்காலியைத் தேடிச் செல்லும் ஊர்களுள் காரைக்குடி சிறந்தது. அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருட் கடைகள் வரிசையாக உள்ளன. அவை அங்கே தோன்றியதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலேயர் 1852இல் கீழைப் பர்மாவைக் கைப்பற்றிய பின்னர், நகரத்தார் அங்கே சென்று கொடுக்கல் வாங்கல் தொழிலை விரிவாக நடத்தினர். அவர்கள் ஈட்டிய செல்வத்தோடு பர்மாத் தேக்கும் செட்டிநாட்டுக்கு வந்து தூண்களாகவும் கதவுகளாகவும் நாற்காலிகளாகவும் ஆயிற்று. 1930க்குப் பின் வந்த பொருளாதார நெருக்கடியும், 1942இல் பர்மா சப்பானியர் கையில் வீழ்ந்ததும் அத்தொழிலைக் குலைத்தன. குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பிரிந்து சென்றன. பங்காளிகள் பலர்க்கு உரிய பெருவீட்டைக் காப்பது அரிதாயிற்று. சில வீடுகள் பிரிக்கப்பட்டன. வீட்டுப் பொருள்கள் கடைக்கு வந்தன. ஆகவே அங்கே ஒரு நாற்காலியை விலை பேசும்போது, ஒரு குடும்பத்தின் முற்றம் கலைந்த வரலாற்றையும் சேர்த்தே தொடுகின்றோம். விற்பவர் வறுமையையோ அறியாமையையோ பயன்படுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்பது கற்றவர்க்கு அழகன்று.

அக்கடைகளில் இருவகை நாற்காலிகளைச் சிறப்பாகக் காணலாம். ஒன்று, வட்டமாகவோ சதுரமாகவோ முதுகு பின்னிய எழுத்து நாற்காலி. கணக்கர் மேசைக்கும் வழக்கறிஞர் அறைக்கும் உரியது. மற்றொன்று, தலைமுதல் தொடைவரை ஒரே பின்னலாகச் சரிந்து செல்லும் சாய்வு நாற்காலி. இதன் கைகளின்கீழ் நீண்ட பலகைகள் மடங்கியிருக்கும். அவற்றை முன்னே திருப்பினால் கால்களை நீட்டி வைத்துக்கொள்ளலாம். தோட்டத் துரைமார் பங்களாக்களில் விளங்கிய இவ்வகை, பின்னர் நம்மவர் திண்ணைகளிலும் இடம்பெற்றது.

இனி, தேர்ந்து வாங்கும் முறைக்கு வருவோம். நாற்காலியை முதலில் மேலிருந்து பாராதீர்கள். கடைக்காரரின் இசைவோடு அதனைக் கவிழ்த்துப் பாருங்கள். மெருகு ஏறாத அடிப்பக்கமே உண்மையைப் பேசும்.

முதலாவது, துளைகள். இருக்கைச் சட்டத்தின் அடியில் வரிசையாகத் துளைகள் இருந்தால் அது கையால் பின்னுவதற்கு அமைந்த நாற்காலி. துளைக்குப் பதிலாக மேற்பக்கத்தில் ஒரு நீள் பள்ளம் ஓடி, அதில் பின்னல் விரிப்பு ஆப்பிட்டு இறுக்கப்பட்டிருந்தால், அஃது இயந்திரத்தில் பின்னிய விரிப்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது வழக்கிற்கு வந்தது. இரண்டும் பயன்படும்; ஆனால் கையால் பின்னியதற்குரிய விலையை விரிப்புக்குக் கொடுக்க வேண்டியதில்லை. சில நாற்காலிகளில் பின்னல் கிழிந்தபின் ஒட்டுப்பலகையை வைத்து ஆணி அறைந்திருப்பர். பார்ப்போர் அதனை மரப்பலகை நாற்காலி என்று ஒதுக்கிவிடுவர். கவிழ்த்துப் பார்த்தால் பழைய துளைகள் காத்துக்கொண்டிருக்கும். அத்தகைய நாற்காலி குறைந்த விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

இரண்டாவது, விரிசல். அஞ்சல் தலைகள் துளைவரிசை வழியே எளிதிற் கிழிவதைக் கண்டிருப்பீர்கள். இருக்கைச் சட்டமும் அவ்வாறே. பிளந்தால் துளைவரிசை வழியேதான் பிளக்கும். பல துளைகளைத் தொடர்ந்து ஓடும் பிளவு இருக்குமானால் புதிய பின்னலின் இறுக்கத்தை அது தாங்காது. பின்னல் கிழிந்த நாற்காலியை வாங்கலாம். துளைவரிசை பிளந்த நாற்காலியை வாங்குவதற்கு முன் நல்ல தச்சரைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, இணைப்பு. முதுகை ஒரு கையாலும் முன்காலை மறு கையாலும் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். சிறிது ஆடினால் பழைய பசை விட்டுப்போயிற்று என்பது பொருள். பிரித்து மீண்டும் ஒட்டலாம். துளைக்குள் செருகியிருக்கும் மர நாக்கே ஒடிந்திருந்தால் செலவு மிகுதி. மூலைகளில் இரும்புத் தகடு வைத்து ஆணி அறைந்திருந்தால், உள்ளே ஏதோ முறிந்திருக்கின்றது என்று ஐயுறுக.

நான்காவது, பூச்சி. நாற்காலியின்கீழ் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, கால்களை மெல்லத் தட்டுங்கள். வெளிறிய புதிய மரத்தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே வாழ்கின்றது. துளை மட்டும் இருந்து தூள் உதிராவிடில் அது பழைய தழும்பாக இருக்கலாம். தேக்கின் உள்வயிரத்தைப் பூச்சி எளிதில் தொடாது; அதனைச் சூழ்ந்த வெளிறிய மரத்தையே தின்னும். முன்னே கூறிய தொல்காப்பியர் வகுப்பு இங்கே கடைத்தெருவிலும் பயன்படுகின்றது! வயிரம் மிகுந்த சட்டத்தை நாடுங்கள்.

ஐந்தாவது, வயது. 'நூற்றைம்பது வருஷத்துச் சாமான் சார்' என்று கடைக்காரர் கூறலாம். அவரோடு வழக்காட வேண்டா, சான்றுகளைப் பாருங்கள். திருகாணியின் தலையில் கூட்டற்குறி போன்ற பள்ளம் இருந்தால் அது 1930களுக்கு முற்பட்டது அன்று. பின்னாளில் பழுது பார்த்தவர் இட்டதாகவும் இருக்கலாம். ஆனால் எல்லா ஆணிகளும் அவ்வாறே இருந்து, வேறு பழைய ஆணித்துளைகளும் இல்லாவிடில் நாற்காலியே புதியது. கடைந்த உருண்டைக் காலின் குறுக்களவை இரண்டு பக்கமாக அளந்து பாருங்கள். பழைய மரம் ஒரு பக்கமாக மிகுதியாகச் சுருங்கும்; ஆதலால் நெடுங்காலம் கண்ட கால் முழுவட்டமாக இராமல் சற்றே நீள்வட்டமாக இருக்கும். தேய்மானத்தையும் காண்க. கைப்பிடியின் முனை பல கைகள் பட்டு வழவழப்பாகியிருக்கும். முன்கால்களை இணைக்கும் சட்டம் குதிகால் பட்டுத் தேய்ந்திருக்கும். உடல் படாத இடங்களிலும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால், அது காலத்தின் தேய்மானம் அன்று, உப்புத்தாளின் தேய்மானம்.

கடைசியாகப் பின்னலைப் பாருங்கள். உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் சிறிது இணங்கி மீள வேண்டும். நொறுங்கும் ஓசை கேட்டால் நார் காய்ந்து முறியும் நிலையில் இருக்கின்றது. பின்னல் கறுத்திருப்பது பழமைக்குச் சான்றாகாது. சாயம் ஏற்றியும் கறுக்கச் செய்யலாம். பழைய சட்டத்தில் புதிய பின்னல் இருப்பதும் குறையன்று. அவ்வாறு மாற்றிக்கொள்வதற்கென்றே அந்த நாற்காலி செய்யப்பட்டது.

விலை பேசுவதற்கு முன் நான்கு செலவுகளைத் தாளில் எழுதிக் கூட்டிக்கொள்க: நாற்காலியின் விலை, தச்சுக்கூலி, பின்னற்கூலி, வண்டிக்கூலி. இவற்றுட் பின்னற்கூலியைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆறு முறை இழை ஓட்டிக் கையால் பின்னுவது கைத்தேர்ந்தவர்க்கும் ஒரு நாளுக்குக் குறையாத வேலை. அந்த உழைப்பை அறியாதவர் அதற்குரிய கூலியைக் கேட்டதும் திகைக்கின்றனர்.

சட்டமும் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம், 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய கைவினைப் பொருள்கள் பலவற்றைத் தொல்பொருளாகக் கொள்கின்றது. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றம். தொல்பொருள் விற்கும் வணிகர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். வெளிநாட்டில் வாழும் உறவினர்க்குப் பரிசாக அனுப்ப எண்ணுவோர் இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

இதுவரை சட்டத்தைப் பற்றியே பேசினேன். பின்னுவோரைப் பற்றிப் பேசாவிடில் இப்பேச்சு பாதியே ஆகும். நம் நாட்டில் பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னுதல் தொழிற்பயிற்சியாகப் பல்லாண்டுகள் கற்பிக்கப்பட்டு வந்தது. அரசு அலுவலகங்களில் அவர்களுக்கு ஏற்ற பணிகளுள் ஒன்றாகவும் அது கருதப்பட்டது. இந்த வேலைக்குக் கண்ணைவிட விரல்நுனியே முதன்மையானது. துளையைத் தேடுவதும், இழை மேலே செல்கின்றதா கீழே செல்கின்றதா என்று உணர்வதும், இறுக்கத்தை அளப்பதும் விரலின் வேலை.

நான் உதவியாசிரியனாக இருந்த ஒரு பள்ளிக்கு ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பார்வையற்ற தொழிலாளர் ஒருவர் வருவார். தாழ்வாரத்தில் வாளித்தண்ணீரில் நார் ஊறிக்கொண்டிருக்கும். ஆசிரியர்களின் நாற்காலிகளை ஒவ்வொன்றாக வாங்கி, முதலில் துளைகளை விரலால் எண்ணுவார். பிறகு, 'இதற்கு நார் போதும்' என்றோ 'போதாது' என்றோ கூறுவார். அவர் கணக்குத் தவறி நான் கண்டதில்லை. ஒருமுறை ஒரு நாற்காலியைத் தடவிப் பார்த்து, 'இது பதினோரு வருஷத்துக்கு முன்னே நான் பின்னினது சார்' என்றார். எவ்வாறு தெரியும் என்று வினவினேன். முடிச்சின் மீது என் விரலை வைத்துக் காட்டினார். அவர் நாரை முடியும் முறை தனி. அதுவே அவருடைய கையொப்பம். எழுத்தைக் கற்பிக்கும் எனக்கு, எழுத்தின்றியே கையெழுத்திட முடியும் என்பதைக் கற்பித்தவர் அவர்.

பின்னர் ஓராண்டு, நிருவாகத்தார் அப்பள்ளிக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வாங்கினர். அவை மலிவு, கழுவுவது எளிது, அடுக்கி வைக்கலாம். பழைய தேக்கு நாற்காலிகள் ஏலத்திற்கு வந்தன. பின்னல் கிழிந்திருந்தமையால் விறகு விலைக்கே போயின. அடுத்த மே மாதத்தில் அவர் வழக்கம்போல நார்க்கட்டுடன் வந்தார். அலுவலக உதவியாளர் செய்தியைக் கூறினார். அவர் புதிய நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் இருக்கையின் ஓரத்தைச் சுற்றிலும் விரலால் தடவினார். 'இதில் துளையே இல்லையே, இது போனால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டார். அங்கே நின்ற ஒருவரிடத்தும் அதற்கு விடை இல்லை. அந்த நாற்காலிகளுட் கால் ஒடிந்தவை சில ஆண்டுகளில் பள்ளியின் பின்கட்டில் குவிந்து கிடந்ததை நான் கண்டேன். பழுது பார்க்க வழியில்லாத பொருளுக்கு வேறு முடிவு இல்லை.

மாணவ நண்பர்களே! அவர் கேட்ட வினா நாற்காலிக்கு மட்டும் உரியதன்று. பணம் கொடுத்து வாங்கும் எப்பொருளுக்கும் உரியது. இது பழுதானால் என்ன செய்வது? பழுது நீக்குவோர் உண்டா? பழுது நீக்க இதில் இடம் விடப்பட்டிருக்கின்றதா? இருக்கையைச் சுற்றியுள்ள துளைகள் பழைய தச்சர் அவ்வினாவுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த விடையாகும். 'என் வேலை நிற்கும். பின்னுவோர் வேலை தேயும். தேய்ந்தால் அவரை மீண்டும் அழையுங்கள்' என்று அவை கூறுகின்றன. ஆனால் அழைப்பதற்கு ஒருவர் இருந்தால்தானே துளைக்குப் பயன் உண்டு? பின்னுவோர் இல்லாத ஊரில் மிகச் சிறந்த தேக்கு நாற்காலியும் வெறுஞ்சட்டமே. ஆகவே பழைய நாற்காலியை வாங்குமுன், உங்கள் ஊரில் பின்னுவோர் உளரா என்று விசாரியுங்கள். இருந்தால் பேரம் பேசாமல் அவர் கூலியைக் கொடுங்கள். கற்றுத்தர இசைந்தால் ஒரு விடுமுறையில் அவர் அருகில் அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஆறு படிகளே உள்ள கல்வி அது. பொறுமை ஒன்றே அதற்கு முதல்.

வாங்கிய நாற்காலியைப் பேணுவதும் கடினமன்று. வெயிலிலும் சூடான காற்றிலும் வையாதீர்கள். நார் காய்ந்து முறியும். பின்னலின்மீது ஏறி நிற்பதும், ஒரு முழங்காலை ஊன்றுவதும் கூடாது. பல இழைகளுக்குப் பகிர வேண்டிய எடை ஓரிடத்தில் விழும். பின்னல் சற்றே தொய்ந்தால், ஈரத்துணியால் அடிப்பக்கத்தை நன்றாக நனைத்து, ஒரு நாள் முழுதும் யாரும் அமராமல் நிழலில் உலரவிடுங்கள். மேற்பக்கத்தின் வழவழப்பான தோல் நீரை ஏற்காது, அடிப்பக்கமே ஏற்கும். உலர்ந்ததும் பின்னல் மீண்டும் இறுகுவதைக் காண்பீர்கள். ஓரிழை அறுந்தால் அதனை வெட்டி எறியாமல் உடனே பின்னுவோரிடம் காட்டுங்கள்.

இவ்வாறு கற்றதைச் சோதித்துப் பார்க்கக் காரைக்குடிக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. பாட்டனார் வீட்டுப் பரணிலோ, பழைய நூலகத்தின் மூலையிலோ, பின்னல் கிழிந்து தூசி படிந்த நாற்காலி ஒன்று கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் அதனைக் கவிழ்த்து, துளைகளை விரலால் எண்ணிப் பாருங்கள். துளைவரிசை பிளவின்றி இருக்குமானால் அந்த நாற்காலியின் ஆயுள் முடியவில்லை என்று அறிக.